நண்பர் நாளை நீந்துவார்

“பங்குனி 15, வெள்ளிக்கிழமை. கடல் தட்டை. காற்று இல்லை. நண்பர் நாளைக்குத் தொடங்குவதாகச் சொன்னார்.”

என் நாட்குறிப்பில் இருக்கும் பதிவு இது. மனதைத் திறந்து கொட்டுகிற நாட்குறிப்பு என்னுடையதல்ல. விடியற்புறம் திருகோணமலைக் கடற்கரையில் நடந்துவிட்டு வந்து, தேத்தண்ணீர் ஆறுவதற்குள் மூன்று வசனம் எழுதுவேன். கடல் எப்படி இருந்தது, காற்று எங்கிருந்து வந்தது, வேறு விசேஷம் ஏதும் உண்டா. நான் சொல்லப்போகும் அந்த ஆண்டில் முதல் இரண்டு வசனங்களும் பருவத்துக்குப் பருவம் மாறிக்கொண்டிருந்தன. மூன்றாவது மட்டும் மாறவில்லை. மாசியில் தொடங்கி ஆவணி வரைக்கும், எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் நண்பர் நாளைக்குத் தொடங்குவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தொடங்க வேண்டியிருந்தது நீச்சல்.

நண்பர் என் அடுத்த வீட்டுக்காரர். துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கப்பல் எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று எழுதுவதுதான் அவர் வேலை. உலகத்துக் கொடிகளை எல்லாம் பார்த்தவர். எந்தக் கப்பலுக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கேட்டால் உடனே சொல்வார். அவர் மட்டும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. எங்கள் ஊரில் இது ஓர் அதிசயமும் அல்ல. சுற்றிவரத் தண்ணீரை வைத்துக்கொண்டு நீந்தத் தெரியாமல் வாழ்ந்து முடித்தவர்கள் எங்கள் தெருவிலேயே பலர். நான் பிறந்தது தெற்கே வெருகலுக்குக் கிட்ட, இலங்கைத்துறையில். அங்கே பிள்ளைகளுக்கு நடை வருவதுபோல நீச்சலும் வந்துவிடும். ஆகவே எனக்கு நீந்தத் தெரியும். அழகாகத் தெரியாது. தாழாமல் இருக்கத் தெரியும்.

நண்பருக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் நீச்சல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு நானே சாட்சி. தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரொரன்ரோவில் இருக்கும் மகன் வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைக்க நான் உதவிக்குப் போயிருந்தேன். அங்கே ஒன்பது வயதுப் பேத்தி, நீச்சல் வகுப்பில் கிடைத்த ஒரு சின்னத்தைக் கமராவுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். பிறகு கேட்டாள்.

“அப்பப்பா, உங்களுக்கு ஸ்விம் பண்ணத் தெரியுமா?”

நண்பருக்குப் பின்னால் யன்னல். யன்னலுக்குப் பின்னால் கடல். அந்தக் காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு இல்லை என்று சொல்வது எந்த மனிதனுக்கும் கடினம்தான்.

“தெரியுமோவோ? ஒவ்வொரு நாளும் விடிய நீந்திறனான் பிள்ளை!”

குசினிக்குள் அவருடைய மனைவி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அழைப்பு முடிந்ததும் வெளியே வந்தார்.

“கிணத்தடியில வாளித் தண்ணி ஊத்தக்கையே ‘ஐயோ’ எண்டு கத்திற ஆள். நீந்திறாராம்!”

“சின்னப்பிள்ளையோட ஒரு கதைக்குச் சொன்னது,” என்றார் நண்பர்.

கதை அதோடு நிற்கவில்லை. அடுத்த ஞாயிறும் அழைப்பு வந்தது. முன்பெல்லாம் அந்தப் பிள்ளை ஓடி வந்து “ஹாய் அப்பப்பா” என்று கையசைத்துவிட்டு ஓடிவிடும். இப்போது கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது.

“இண்டைக்கு நீந்தினீங்களா?”

“இண்டைக்கு இல்லைப் பிள்ளை. காத்து.”

“என்ன காத்து?”

நண்பர் என்னைப் பார்த்தார். நான் மெதுவாகச் சொன்னேன்: “வாடை. இன்னும் முழுசா விடேல்ல.”

அப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொரு கிழமையும் அவள் கேட்பாள். ஒவ்வொரு கிழமையும் நண்பர் ஒரு காரணம் சொல்வார். காரணத்துக்கு வேண்டிய காற்றை நான் வழங்குவேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பருவங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வருடத்தில் இத்தனை பருவம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், பாஸ் பண்ணினோம், மறந்தோம். உண்மையில் எங்களுக்கு இரண்டுதான். ஒன்று மாரி. ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வந்து கடலைக் கரையில் தூக்கிப் போடும். வள்ளங்கள் மேட்டுக்கு ஏறும், உடுப்புக் காயாது, அப்பளம் பொரித்த நிமிடமே நமர்த்துவிடும். மற்றது கச்சான். வைகாசி தொடக்கம் தென்மேற்கிலிருந்து கந்தளாய்ப் பக்கத்துக் காடுகளின் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும் வறண்ட காற்று. உதடு வெடிக்கும், கதவு அடிக்கும், மனிதர் சும்மா நின்ற இடத்தில் சண்டை பிடிப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், பங்குனி சித்திரையில், கடல் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். கோப்பைக்குள் ஊற்றி வைத்த பால்போல இருக்கும். அந்த நாட்களில் நீந்தப் பழகாத ஒருவர் பிறகு எந்த நாளில் பழகுவார் என்று நான் நண்பரைக் கேட்டேன்.

“அதுக்குத்தான் ஐசே, நாளைக்குத் தொடங்கிறன் எண்டனான்.”

நாங்கள் ஒருவரை ஒருவர் ஐசே என்றே கூப்பிடுகிறோம். வெள்ளைக்காரர் விட்டுப்போன ‘ஐ ஸே’தான் அது. ஒருகாலத்தில் கந்தோர்களில், அதாவது அலுவலகங்களில், எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இப்போது ஊரிலேயே நாங்கள் இருவர்தான் மிச்சமோ என்று சிலவேளை சந்தேகம் வரும்.

அவர் சொன்ன காரணங்களில் நல்லவற்றை மட்டும் இங்கே தருகிறேன். மாசியில் தண்ணீர் குளிர், சளி பிடிக்கும். பங்குனியில் நாளைக்கு. சித்திரையில் மேற்குக் கரையிலிருந்து மீன்பிடிகாரர் வந்து கடற்கரையில் ஓலை வாடிக் குடில்கள் போட்டுவிட்டார்கள், அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வைகாசியில் கச்சான் தொடங்கியதும் அவருடைய குரலில் ஒரு தெம்பு வந்தது.

“ஐசே, நீர் காத்தைக் கவனிச்சனீரோ? தரையில இருந்து கடலுக்கெல்லே அடிக்குது. ஒருக்கா நான் மிதக்கத் தொடங்கினால் நிப்பாட்ட ஆளில்லை. நேரே பர்மாவிலதான் போய்க் கரை ஏறோணும்.”

“முதல்ல மிதவும். பர்மாவைப் பிறகு பாப்பம்.”

“பாஸ்போட்டும் முடிஞ்சு போச்சு,” என்றார்.

ஆனியில் சொறிமுட்டை வந்தது. கூழ்போல மிதக்கும் அது பட்டால் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும் என்பது உண்மை. ஆனால் அது ஒதுங்கிப் போன பிறகும் நண்பருக்கு மட்டும் தொடர்ந்து தெரிந்துகொண்டிருந்தது. ஆடியில் வெளிநாட்டுக்காரர் குடும்பம் குடும்பமாகக் கடலில் நிற்கிறார்கள், அவர்களுக்கு நடுவில் சாரத்தோடு எப்படி இறங்குவது?

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ரொரன்ரோவில் ஒரு பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது. நண்பரின் பொய்க்கு முட்டுக் கொடுக்க நாங்கள் அனுப்பிய காற்றுகள் அத்தனையையும் அவள் ஒன்றுவிடாமல் வாங்கி வைத்துக்கொண்டாள். சித்திரையில் அவளே சொன்னாள்: “அப்பப்பா, இப்ப காத்து இல்லை என்ன? இனிக் கச்சான் வரும்.” அவளுடைய தகப்பன் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்குக் கச்சான் என்றால் கடற்கரையில் பொட்டலமாக விற்கிற கடலை மட்டும்தான் ஞாபகம். பருவங்களைப் பற்றி நான் எவ்வளவோ வாசித்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு அதை இவ்வளவு ஒழுங்காகக் கற்பிக்கும் வழி ஒரு பொய் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவள் ஒரு படமும் கீறி அனுப்பினாள். நீலக் கடல், சிரிக்கும் திமிங்கிலம், அதற்குப் பக்கத்தில் மீசையோடு நீந்தும் ஒரு மனிதர். நண்பர் அதைக் கடையில் கொடுத்து அச்செடுத்து அலுமாரிக் கதவில் ஒட்டினார். ஒட்டியதிலிருந்து அலுமாரியைத் திறக்க அவருக்கு மனமில்லை. கொடியில் காயும் சட்டையையே எடுத்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

ஒருநாள் நான் சொன்னேன்: “உண்மையைச் சொல்லிப்போடும். சின்னப்பிள்ளைதானே. சிரிச்சுப்போட்டு விட்டிடும்.”



“விட்டிடும் எண்டதுதான் ஐசே பயம். மகன் வளரேக்க நான் இரவும் பகலும் ஹாபரில. அவனுக்கு என்னோட கதைக்க ஒண்டும் இருக்கேல்ல, இப்பவும் இல்லை. ‘சுகமோ, மருந்து எடுத்தீங்களோ’, அதோட சரி. இது ஒரு பிள்ளை, கிழமைக்குக் கிழமை என்னைத் தேடி வந்து குந்தியிருந்து கேக்குது. இல்லையெண்டு சொல்லிப்போட்டால் அடுத்த கிழமை என்னத்தைக் கேக்கும்?”

அதற்குப் பிறகு உண்மையைச் சொல்லும்படி நான் அவரை வற்புறுத்தவில்லை. நீச்சல் பழகும்படி மட்டும் வற்புறுத்தினேன்.

அவர் முதலில் தியரி வேண்டும் என்றார். என்னிடம் நீச்சல் பற்றிய பழைய கையேடு ஒன்று இருந்தது. படங்களோடு. அதைக் கொண்டுபோனவர், விறாந்தையில் கிடந்த நீள மர வாங்கில் குப்புறப் படுத்து, புத்தகத்தை நிலத்தில் விரித்து வைத்து, காற்றாடியையும் போட்டுக்கொண்டு, கையையும் காலையும் அடிக்கத் தொடங்கினார். நான் வாசலில் நின்று படத்துக்கும் ஆளுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி தேத்தண்ணீரோடு வந்தார்.

“இஞ்சருங்கோ, கரை வந்திட்டுது. எழும்பித் தேத்தண்ணியைக் குடியுங்கோ.” பிறகு என் பக்கம் திரும்பி, “அண்ணை, நீங்களும் இதுக்கு உடந்தையோ? உந்த வாங்கு அவரின்ர அப்பாவின்ர காலத்துச் சாமான். இவர் தாழுறதைப் பற்றி எனக்கு ஒண்டும் இல்லை, வாங்கு உடைஞ்சு போகும்.”

ஆவணியில் ஒருநாள் உண்மையாகவே இறங்கினார். நானே பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். விடிந்தும் விடியாத நேரம், ஆள் இல்லை, கடல் அசையவில்லை. துவாய், மாற்றுச் சாரம், குளித்த பிறகு பசிக்கும் என்று அரை இறாத்தல் பேக்கரிப் பாண், எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்துக் கரையில் விட்டோம். நண்பர் முழங்கால்வரை வந்தார். நின்று கும்பிட்டார். தொடைவரை வந்தார். அவருடைய வாழ்க்கையிலேயே அது உச்சம். “இனிக் குந்தும்,” என்றேன். குந்துவதற்காகக் கரைப்பக்கம் திரும்பியவர், “ஐசே, மான்!” என்று கத்தினார்.

எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப்போலத் தெருவில் திரியும். கச்சான் காலத்தில் புல் காய்ந்துவிட்டால் கடதாசியையும் சாப்பிடும். ஒரு கொம்பன் மான் எங்கள் பைக்குள் தலையை விட்டுப் பாணை எடுத்துக்கொண்டு, கொம்பில் மாட்டிய சாரத்தோடு மைதானத்துப் பக்கம் நிதானமாக நடந்துகொண்டிருந்தது. நண்பர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கரைக்கு ஓடினார். அவ்வளவு வேகமாக அவர் தண்ணீரில் அசைந்ததை நான் முன்னும் பின்னும் கண்டதில்லை. எதிர்ப்பக்கமாக அசைந்திருந்தால் நீச்சல் என்றே பதிந்திருப்பேன்.

“இது சகுனம்,” என்றார் வீடு திரும்பும் வழியில். ஈரச் சாரம் காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. “இனி இந்த வருஷம் வேண்டாம்.”

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அதற்கு முன்னரே ஒரு துணிவு வந்திருந்தது. மகன் குடும்பம் ஊருக்கு வரப்போகிறது என்ற செய்தி வைகாசியிலேயே கிடைத்திருந்தது. ஆடியில் பள்ளிக்கூட விடுமுறை, அப்போது வருவோமா என்று மகன் கேட்டான். எல்லா வெளிநாட்டுப் பிள்ளைகளும் வருவது ஆடியில்தான். நண்பர் போனைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஒரு மந்திரியைப்போல வைத்துக்கொண்டு, மார்கழியில் வாருங்கள் என்றார்.

“மாரியில வந்து பிள்ளை என்னத்தைப் பாக்கிறது? சேத்தையோ?” என்று மனைவி கேட்டார்.

“எல்லாரும் ஆடியில வருகினம். எங்கட ஊரின்ர மாரியை ஆர் பாத்தது? ஊர் பச்சைப் பசேலெண்டு இருக்கும்.”

மனைவி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மார்கழிக் கடலில் யாரும் இறங்கமாட்டார்கள். நீந்தத் தெரிந்தவரும் கரையில் நிற்பார், தெரியாதவரும் கரையில் நிற்பார். இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாத ஒரே பருவம் அது. நண்பர் வாழ்நாள் முழுக்கக் கப்பல்களின் வருகையை எழுதியவர். எதை எப்போது வரவழைப்பது என்று அவருக்குத் தெரியாதா?

அவர்கள் வந்தார்கள். வாடையும் சொன்ன சொல் தவறாமல் வந்திருந்தது. வந்த அன்றே நண்பர் பேத்தியைக் குடையோடு கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். ஒவ்வொரு அலையும் ஒரு மதிலைப்போல எழும்பி விழுந்தது.

“பாத்தியோ பிள்ளை!” என்றார் நண்பர், அலைகளைத் தானே ஓடர் பண்ணி வரவழைத்தவரைப்போல. “இதுக்குள்ள ஆர் இறங்கிறது?”

“வாடை,” என்றாள் அவள்.

“ஓம். வாடை.”

“பாவம் அப்பப்பா. உங்களுக்குக் கவலையா இருக்கும், என்ன?”

“என்ன செய்யிறது பிள்ளை,” என்று அவர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் நிம்மதியைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

பிறகு வந்த சில நாட்களில் இருந்த உற்சாகத்தில் நான் அவரை முன்னெப்போதும் கண்டதில்லை. பத்து வயது குறைந்தவர்போலத் திரிந்தார். அலுமாரியைத் திறந்து நல்ல சட்டைகளை எடுத்துப் போட்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, துறைமுகத்துக்கு அப்பால் கிண்ணியாவில் இருக்கும், அவருடன் முன்பு வேலை செய்த ஒருவர் எல்லாரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். மழை விட்டு இரண்டு நாள். வாடகைக்கு ஒரு வான் வண்டி பிடித்தோம். மருமகள் தன் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். மகன் முன்சீட்டில். நண்பரும் பேத்தியும் யன்னலோரம். நானும் அவர் மனைவியும் பின்னால். வான் துறைமுகத்தின் உட்பக்கமாகத் திரும்பியதும் மரங்களுக்கிடையில் தண்ணீர் தெரிந்தது. மலைகளுக்கு நடுவில், ஒரு சுருக்கம்கூட இல்லாமல், இஸ்திரிக்கை போட்டு விரித்ததுபோல.

பேத்தி மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

“அப்பப்பா, இது என்ன?”

“இது ஹாபர் பிள்ளை.”

“கடல் இல்லையா?”

“இது... ஹாபர்.”

“சோல்ட் வோட்டரா?”

“உப்புத்தான்.”

“அப்ப ஏன் இஞ்ச வாடை இல்லை?”

நண்பரின் பிடரி விறைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அவருடைய மனைவி எனக்குப் பக்கத்தில் மிகவும் சாவகாசமாக வாயைத் திறந்தார்.

“அங்கால மலையெல்லே மறைச்சுக்கொண்டு நிக்குது பிள்ளை. வாடையோ கச்சானோ, எந்தக் காத்துக்கும் இது அசையாது. வருஷம் முழுக்க இப்பிடித்தான். அதுக்காகத்தானே உலகத்துக் கப்பலெல்லாம் இஞ்ச வாறது. உங்கட அப்பப்பா இவ்வளவு காலமும் சம்பளம் எடுத்ததும் அதாலதான்.”

இதில் நானும் நண்பருக்குச் சளைத்தவனல்ல. மாரிக்கு அவர் திட்டம் போட்டபோது எனக்கும் இது நினைவு வரவில்லை. காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் கடல் என்றால் வெளியே இருப்பதுதான். அலை அடிக்க வேண்டும், வலை இழுக்க வேண்டும், மாலையில் போய்க் கடலை கொறிக்க வேண்டும். உள்ளே இருப்பது கந்தோரைச் சேர்ந்தது. அங்கே கப்பல் நிற்கும், சங்கு ஊதும். அதற்குள் இறங்கிக் குளிப்பது அரசாங்கக் கச்சேரிக்குப் போய்த் தலை முழுகுவது மாதிரி. வேறெந்த ஊர்க்காரனும் இந்தப் பிழையைச் செய்யமாட்டான். உலகத்திலேயே அசையாத தண்ணீர்களில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடல் கொந்தளிக்கும் பருவத்துக்காகக் காத்திருந்தவர் நண்பர். அவருக்குக் காற்றுக் கணக்குச் சொன்னவன் நான்.

“அப்ப மாரியில நீங்க இஞ்ச வந்து நீந்தலாமே அப்பப்பா!” என்றாள் பேத்தி. அவளுடைய குரலில் சந்தேகம் துளிகூட இல்லை. அவருக்கு உதவி செய்கிற சந்தோஷம்தான் இருந்தது. “அப்பா, ஸ்டொப்! அப்பப்பா நீந்தோணும்!”

மகன் திரும்பிச் சிரித்தான். “நிப்பாட்டுங்கோ தம்பி,” என்று வான்காரரிடம் சொன்னான். “அப்பா நீந்தி நானும் கண்டதில்லை.”

கிண்ணியாப் பாலத்துக்கு வெகு முன்னாலேயே தெருவோரமாக ஒரு சிறிய மணற்கரை. பேத்தியின் பையில் நீச்சல் உடுப்பும் தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடியும் எப்போதும் இருக்கும். அவள் தண்ணீருக்குள் பாய்ந்தாள். நண்பர் வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். அவருடைய மனைவி குடையை விரித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார், நாடகம் பார்க்க வந்தவர்போல. நான் துணைக்காக முழங்கால்வரை இறங்கி நின்றேன்.

நண்பர் இறங்கினார். தொடை, இடுப்பு, நெஞ்சு. நான் வாய்க்குள் பிரார்த்தனை பண்ணினேன். நெஞ்சளவு வந்ததும் அவர் முழங்காலை மடித்து, வாய்க்குக் கீழே நாடியைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, கையேட்டில் இருந்த படத்தைப்போலவே, இரண்டு கைகளையும் முன்னே நீட்டி விலக்கினார். மறுபடி நீட்டி விலக்கினார். ஆள் நகர்ந்தார். கரையோரமாக, மெதுவாக, மிகவும் கம்பீரமாக. மகன் கரையிலிருந்து கை தட்டினான்.

“அப்பா! உண்மையாவே நீந்துறீங்கள்!”

கால் நிலத்தில் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு அடிக்கும் அவருடைய தலை ஒரு பக்கமாக ஏறி இறங்கியது. மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். குடை குலுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கரையிலிருந்து பார்க்க, குறை சொல்ல முடியாத நீச்சல். இப்படியே கரையேறியிருந்தால் நண்பர் வென்றிருப்பார்.

அப்போது பேத்தி அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் அமிழ்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மேலே வந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். கரையில் நின்ற தகப்பனைப் பார்த்தாள். அவன் போனில் படம் எடுக்க வெளிச்சம் தேடிக்கொண்டிருந்தான். அவள் நண்பருக்குக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். நான் நின்ற இடத்துக்குக் கேட்டது.

“அப்பப்பா. உங்கட கால் கீழ நிக்குது.”

நண்பர் கைகளை விலக்குவதை நிறுத்தினார்.

“ஓம் பிள்ளை.”

“எப்பவும் கீழதானா?”

“ஓம்.”

“ஒவ்வொரு நாளும் இப்பிடி நடந்தனீங்களா?”

“அதுவும் இல்லை பிள்ளை,” என்றார் நண்பர்.

அவள் யோசித்தாள். நான் என் அறிவுக்கு எட்டிய எல்லாவற்றையும் எதிர்பார்த்தேன். அழுவாள், கரைக்கு ஓடுவாள், தகப்பனைக் கூப்பிடுவாள். நண்பரின் முகத்தில் அதுவரை நான் காணாத ஒரு வெறுமை. அவருக்கு அந்த நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒரேயடியாக முடிந்துகொண்டிருந்தன.

“அப்ப எல்லாக் காத்தும் பொய்யா? கச்சானும்?”

“இல்லை, இல்லை. காத்தெல்லாம் உண்மை. இவரைக் கேள்,” என்று அவசரமாக என்னைக் காட்டினார். நான் பலமாகத் தலையாட்டினேன்.

“நான் கிளாஸில எல்லாருக்கும் சொல்லிட்டன்,” என்றாள். பிறகு பெருமூச்சு விட்டாள். அது அவருடைய பெருமூச்சேதான், அச்சொட்டாக. “சரி. படுங்கோ.”

“எங்க?”

“தண்ணியில. மல்லாக்க. நான் பிடிக்கிறன்.”

“உனக்கு ஏலாது பிள்ளை. நான் பாரம்.”

“நான் பிடிக்கிறேல்ல. தண்ணிதான் பிடிக்கும். நான் சும்மா கை வைக்கிறன்.”

நண்பர் என்னைப் பார்த்தார். இம்முறை அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒரு காற்றும் இருக்கவில்லை. அவர் மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். அவள் அவருடைய முதுகுக்குக் கீழே ஒரு கையை வைத்தாள். வயிறு தண்ணீருக்கு மேலே ஒரு தீவைப்போல எழுந்தது.

“சீலிங்கைப் பாருங்கோ.”

“இஞ்ச ஏது சீலிங்?”

“மேகத்தைப் பாருங்கோ. கதைக்காதீங்கோ.”

கரையிலிருந்து அவருடைய மனைவி கத்தினார்: “இஞ்சருங்கோ, தலையை நனைக்காதேங்கோ! சளி பிடிக்கும்!”

மேகத்தைப் பார்க்கச் சொன்னது சரியாகப் போயிற்று, ஏனென்றால் அது எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மலைப்பக்கத்திலிருந்து மழை, பாயை விரித்ததுபோலத் தண்ணீருக்கு மேலாக வந்தது. மகன் போனைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வானுக்கு ஓடினான். மனைவியின் குடை அவருடைய முகத்துக்கு முன்னால் சாய்ந்துவிட்டது. என்னுடைய மூக்குக்கண்ணாடி முழுவதும் தண்ணீர். கழற்றித் துடைக்கத் துடைக்க மழை நிரப்பியது. அந்த இரைச்சலுக்குள் பேத்தியின் குரல் கேட்டது: “அப்பப்பா! அப்பப்பா!” கண்ணாடியை ஒருவாறு மாட்டிக்கொண்டு நான் பார்த்தபோது, நண்பர் நெஞ்சளவு தண்ணீரில் இருமிக்கொண்டு நின்றார். பேத்தி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

“கையை எடுத்திட்டா ஐசே!” என்று நண்பர் என்னைப் பார்த்துக் கத்தினார். “கண்டீரோ? நான் மிதந்தனான்! கையை எடுத்த பிறகும் மிதந்தனான்!”

நான் காணவில்லை. அதைச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எழுதுவதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியது என் பழக்கம். ஈர உடுப்போடு கிண்ணியாவுக்குப் போய், அந்த வீட்டுக்காரர் தந்த சாரங்களைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மகனைக் கேட்டேன். அவன் வானுக்குள் இருந்திருக்கிறான். நண்பரின் மனைவியைக் கேட்டேன். “நான் குடையை எல்லே அண்ணை பாத்துக்கொண்டு நிண்டனான். ஆனால் இவர் சொல்லிற மாதிரி மிதந்திருந்தால் பர்மாவில இருந்தெல்லே கூட்டிக்கொண்டு வந்திருக்கோணும்,” என்றார். கடைசியாகப் பேத்தியைக் கேட்டேன். அவள் கோழித் துண்டைக் கடித்துக்கொண்டே நண்பரைப் பார்த்தாள். நண்பர் தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார்.

“அது எனக்கும் அப்பப்பாவுக்கும்,” என்றாள்.

ரொரன்ரோவுக்குத் திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள். இப்போது இருவரும் குரலைத் தாழ்த்திக் கதைக்கிறார்கள். போனைச் சாய்த்து வைத்ததும் என்னை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சனிக்கிழமை, உள்துறைமுகத்தில், மழை விழுந்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் கை நண்பரின் முதுகுக்குக் கீழே இருந்ததா, எடுக்கப்பட்டிருந்ததா என்பதை நான் இன்றுவரை உறுதி செய்யவில்லை.